கேதாரம் எந்தத் திசை?

குப்தகாசியில் நாங்கள் தங்கியிருந்த விடுதியின் மாடியிலிருந்து பார்த்தால், மந்தாகினிப் பள்ளத்தாக்குக்கு அப்பால், எதிர்மலைச் சரிவில் ஓர் ஊர் தெரியும். மழை சற்று ஓயும்போது அதன் கூரைகள் பளிச்சிடும். சிறிது நேரத்தில் மேகம் வந்து மூடிவிடும். ஒன்றரை நாள் அந்த ஊரைப் பெயர்கூடக் கேட்காமல் பார்த்துக்கொண்டிருந்தோம். எங்கள் நினைவெல்லாம் வடக்கே, கேதாரநாதர் எழுந்தருளியிருக்கும் பனிமலையின் மீதே இருந்தது. அத்திசையிலோ மேகத்தைத் தவிர வேறொன்றும் காணக் கிடைக்கவில்லை.

வந்தவர்கள் மூவர். நான், என் மனைவி, திருநெல்வேலியில் இருக்கும் என் அக்கா. அக்காவுக்கு 71 வயது. இந்த யாத்திரை அவர்களுக்காகவே ஏற்பாடு செய்யப்பட்டது. அத்தான் உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். தேவாரத்தில் தோய்ந்தவர். மாலை வேளைகளில் நெல்லையப்பர் சன்னிதியில் ஒரு தூணருகே அமர்ந்து, தமக்குள்ளேயே பாடிக்கொண்டிருப்பார். கேதாரத்தைத் தரிசித்து, சம்பந்தப் பெருமானின் கேதாரப் பதிகத்தை அங்கேயே பாடிவிட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. பள்ளி விடுமுறை, மகளின் திருமணம், பிறகு முழங்கால் வலி என்று ஆண்டுகள் கழிந்தன. சென்ற ஆண்டுக்கு முந்தைய ஆண்டு சிவபதம் அடைந்துவிட்டார். அவர் தம் கையால் பதிகங்களை எழுதி வைத்திருந்த நோட்டுப் புத்தகத்தைக் கேதாரநாதர் திருமுன் ஒருமுறை வைத்து எடுத்து, அவருக்குப் பதிலாகத் தாம் பாடிவிட்டு வர வேண்டும் என்று அக்கா விரும்பினார்கள்.

பயணத் திட்டம் முழுவதும் என்னுடையது. வங்கியில் 36 ஆண்டுகள் பணியாற்றியவனுக்கு அட்டவணை போடாமல் எதுவும் செய்யத் தெரியாது. முதல் நாள் டில்லி வழியாக ஹரித்துவாரம். இரண்டாம் நாள் குப்தகாசி. மூன்றாம் நாள் காலை ஃபாடாவிலிருந்து ஹெலிகாப்டரில் கேதாரம், இரவு அங்கேயே தங்கல். நான்காம் நாள் இறங்குதல். ஐந்தாம் நாள் ரிஷிகேசம். ஆறாம் நாள் டில்லியிலிருந்து விமானம். ஊர் திரும்பிய மூன்றாம் நாள் என் மகளுக்கு வளைகாப்பு. ஆகவே திரும்பும் தேதியை மாற்ற இயலாது. "இரண்டு நாள் முன்னதாகவே கிளம்பிவிடலாமே, தம்பி. மலை நாடு; நம் கையில் என்ன இருக்கிறது?" என்று அக்கா வீட்டிலேயே சொன்னார்கள். முன்னதாகக் கிளம்பினால் விமானக் கட்டணம் தலைக்கு இவ்வளவு கூடுகிறது என்று கணக்குக் காட்டி, அவர்களை அடக்கிவிட்டேன். இதை இங்கே எழுதும்போதும் கூச்சமாகத்தான் இருக்கிறது.

புரட்டாசி பிறக்கச் சில நாட்கள் இருந்தன. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களின் கடுமழைக்குப் பிறகு அந்தச் சமயத்தில் வானம் தெளியத் தொடங்கும் என்பது கணக்கு. ரிஷிகேசத்தில் வெயிலே அடித்தது. தேவபிரயாகையில் இறங்கி, பாகீரதியும் அலகநந்தையும் கலந்து கங்கை என்று பெயர் பெறும் இடத்தில் நீரைத் தலையில் தெளித்துக்கொண்டோம். பெரியாழ்வார் பாடிய, கண்டம் என்னும் கடிநகர் அதுவே. இரகுநாதரையும் சேவித்துவிட்டுப் புறப்பட்டோம். ருத்ரபிரயாகையில் அலகநந்தையைப் பிரிந்து மந்தாகினிக் கரையோடு திரும்பியதும் தூறல் ஆரம்பித்தது. வழியில் அகஸ்தியமுனி என்றே ஓர் ஊர். குறுமுனிவருக்குக் கோயிலும் உண்டு. பொதிகை மலைக்குக் கீழே பிறந்து வளர்ந்த எங்களுக்கு, இமயத்தின் மடியில் அந்தப் பெயர்ப் பலகையைக் கண்டதும் உறவினர் வீட்டு வாசலைக் கண்டது போலிருந்தது. அதன் பிறகு மழை வலுத்தது. குப்தகாசியை அடைந்தபோது எதிரே வரும் வண்டியின் விளக்கும் தெரியவில்லை.

மறுநாள் காலை ஐந்தரை மணிக்கே குளித்துவிட்டு அக்கா தயாராக அமர்ந்திருந்தார்கள். நோட்டுப் புத்தகத்தைப் பிளாஸ்டிக் உறையிலிட்டு, அதன் மேல் மஞ்சள் துணியைச் சுற்றி மடியில் வைத்திருந்தார்கள். ஏழு மணிக்குச் செய்தி வந்தது. மேகம் தாழ்ந்திருப்பதால் ஹெலிகாப்டர் பறக்காது. சோன்பிரயாகைக்கும் கௌரிகுண்டத்துக்கும் இடையே மண் சரிந்திருப்பதால் நடைவழியும் நிறுத்தப்பட்டிருக்கிறது. கௌரிகுண்டம் சேர்ந்தாலும், அங்கிருந்து கேதாரம் 16 கிலோமீட்டர் ஏற்றம். எங்கள் மூவரில் எவருக்கும் அது சாத்தியமில்லை.

காத்திருக்கும் நேரத்தில் குப்தகாசி விசுவநாதரைத் தரிசித்தோம். பாரதப் போர் முடிந்து, உறவினரைக் கொன்ற பாவம் தீரப் பாண்டவர்கள் சிவபெருமானைத் தேடி வருகிறார்கள். அவர்களுக்குக் காட்சி தர விரும்பாத பெருமான் இங்கே மறைந்திருந்தாராம். ஆகையால் இது மறைந்த காசி. இங்கிருந்தும் அகன்று காளை வடிவில் மண்ணுக்குள் புகுந்தபோது, பீமன் பற்றிய திமில் கேதாரத்தில் நின்றது என்பதும், மற்ற அங்கங்கள் துங்கநாத், ருத்ரநாத், மத்தியமஹேசுவரம், கல்பேசுவரம் ஆகிய நான்கு தலங்களில் வெளிப்பட்டன என்பதும் தல வரலாறு. சன்னிதிக்கு முன்னுள்ள மணிகர்ணிகை குண்டத்தில் இரண்டு கல்முகங்களிலிருந்து நீர் கொட்டுகிறது. ஒன்றைக் கங்கை என்றும் மற்றொன்றை யமுனை என்றும் வணங்குகிறார்கள். பக்கத்திலேயே அர்த்தநாரீசுவரர் கோயில். குடைக்குள் நின்றபடி, "பாண்டவர்களுக்கே மறைந்தவர், நமக்கு எம்மாத்திரம்?" என்றாள் என் மனைவி. ஆறுதலாகத்தான் சொன்னாள். அக்கா பதில் பேசவில்லை.

அன்று மாலை விடுதியின் முன்கூடத்தில் ஒருவர் என்னை ஒதுக்கமாக அழைத்தார். காவலர்கள் மறித்திருக்கும் இடத்தைச் சுற்றிச் செல்ல வேறு வழி தமக்குத் தெரியும் என்றும், அதற்கப்பால் மட்டக்குதிரை ஏற்பாடு செய்து தருவதாகவும் சொன்னார். தொகையையும் சொன்னார். உண்மையைச் சொல்வதானால், நான் அதைச் சற்று நேரம் மனத்தில் போட்டுப் பார்த்தேன். என் அட்டவணையால் வந்த குறையை என் பணத்தால் தீர்த்துவிடலாம் என்ற எண்ணம். விடுதிக்காரர் அதைக் கவனித்திருக்க வேண்டும். அவர் போன பிறகு என் அருகில் வந்து, "2013 ஜூனில் நான் இங்கேதான் இருந்தேன், பாபுஜி" என்று மட்டும் சொன்னார். மேலே ஒன்றும் விளக்கவில்லை. விளக்கத் தேவையும் இல்லை. அந்த ஆண்டு மந்தாகினி பெருகி வந்தபோது கேதாரப் பாதையில் ராம்பாடா என்ற ஊரே அடித்துச் செல்லப்பட்டது நாடறிந்த செய்தி.

இரவில் அக்காவிடம் பேச்சைத் தொடங்கினேன். மறுநாளும் வானம் திறக்காவிட்டால் திரும்புவதைத் தவிர வழியில்லை என்றேன். அக்கா, "நீங்கள் இருவரும் போங்கள். நான் இங்கேயே இருந்து, வழி திறந்ததும் போய்விட்டு வருகிறேன்" என்றார்கள். இந்தி ஒரு சொல்லும் அறியாதவர்; இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். எனக்குக் கோபம் வந்தது. அது என் மீது வந்த கோபம் என்பது பிறகுதான் புரிந்தது. "அப்பர் பெருமானே கயிலாயம் போக முடியாமல் பொய்கையில் மூழ்கித் திருவையாற்றில் எழவில்லையா? அங்கேயே கயிலைக் காட்சி கிடைக்கவில்லையா?" என்று பெரிதாக வாதிட்டேன்.

"அப்பர் நடந்தார், தம்பி. பாதம் தேய, கை தேய, மார்பு தேயப் போனார். நாம் காரில் உட்கார்ந்து வந்தோம். அவரை ஏன் இதற்குள் இழுக்கிறாய்?" என்றார்கள்.

நான் வாய் மூடிக்கொண்டேன்.

நான்காம் நாள் காலையும் மழை. ஹெலிகாப்டர் இல்லை. தேநீர் குடித்தபடி, ஒரு வங்கி அதிகாரியாகவே மாற்று வழிகளை எண்ணிப் பார்த்தேன். பத்ரிநாத் போகலாமா? அது இன்னும் நெடுந்தூரம். வழி முழுவதும் மண் சரியும் மலைகள். போனால் உரிய நேரத்தில் திரும்புவது நிச்சயமில்லை. சிவபார்வதி திருமணம் நிகழ்ந்த திரியுகிநாராயணம், சோன்பிரயாகையைக் கடந்து போக வேண்டிய இடம். ரிஷிகேசத்துக்கே இறங்கிவிடலாமா? பாதுகாப்பானது, ஆனால் அக்காவின் முகத்தை மூன்று நாள் எப்படிப் பார்ப்பது? அப்போதுதான் விடுதிக்காரர், மாடியிலிருந்து தெரிந்த அந்த ஊரைக் கைநீட்டிக் காட்டினார். "ஊக்கிமடம் போகவில்லையா? குளிர்காலத்தில் பாபா கேதாரின் வீடு அதுதானே?"

ஒன்றரை நாளாகக் கண்ணெதிரே இருந்த ஊர்!

நேர்கோட்டில் கூப்பிடு தூரம் போலத் தோன்றினாலும், மந்தாகினிக்கு இறங்கி, குண்ட் என்னும் இடத்தில் பாலத்தைக் கடந்து, மீண்டும் ஏற வேண்டும். சுமார் 13 கிலோமீட்டர். அந்தச் சாலை திறந்திருந்தது. அக்காவிடம் சென்று சொன்னோம். கேதாரக் கோயில் தீபாவளியை அடுத்த யமத்துவிதியை அன்று நடை சாத்தப்படும். உற்சவ மூர்த்தி பல்லக்கில் புறப்பட்டு, ராம்பூரிலும் குப்தகாசியிலும் இரவு தங்கி, மூன்றாம் நாள் ஊக்கிமடத்து ஓங்காரேசுவரர் கோயிலுக்கு எழுந்தருள்வார். சித்திரை, வைகாசியில் நடை திறக்கும் வரை ஆறு மாதங்கள் பூசை அங்கேதான். நடை திறக்கும் நாள் இன்னதென்று மகாசிவராத்திரி அன்று அறிவிப்பதும் அந்தக் கோயிலில்தான். இவ்வளவையும் விடுதிக்காரர் இந்தியில் சொல்ல, இந்திப் பிரசார சபையில் படித்த என் மனைவி தமிழில் சொன்னாள்.

அக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இப்போது புரட்டாசி பிறக்கவில்லை. அப்படியானால் இப்போது அவர் மேலேதானே இருக்கிறார்?" என்றார்கள்.

எங்கள் இருவரிடமும் விடை இல்லை. கணக்கில் எப்போதுமே அக்கா என்னைவிடக் கெட்டி.

சற்று நேரம் சன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தவர்கள், தாமாகவே எழுந்து மஞ்சள் துணி சுற்றிய நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டார்கள். "சம்பந்தப் பெருமான் மட்டும் கேதாரத்துக்கா வந்தார்? காளத்தியில் இருந்தபடியேதானே பாடினார்? சுந்தரரும் அப்படித்தான். உன் அத்தான் எத்தனை முறை சொல்லியிருக்கிறார், எனக்குத்தான் நேற்று நினைவு வரவில்லை. வா, போகலாம்" என்றார்கள்.

பெரியபுராணம் படித்தவர்களுக்கு இது புதிதன்று. திருக்காளத்தியை வழிபட்ட ஞானசம்பந்தர், அதற்கு வடக்கே தமிழ் வழங்காத நிலம் ஆகையால், அங்கிருந்தே வடகயிலாயம், கேதாரம், கோகர்ணம், பருப்பதம் முதலிய தலங்களைப் பாடிப் பரவினார் என்கிறது அந்நூல். சுந்தரமூர்த்தி சுவாமிகளும் காளத்தியில் தங்கியே கேதாரத்தைப் பாடினார். இரண்டாம் திருமுறையிலும் ஏழாம் திருமுறையிலும் உள்ள கேதாரப் பதிகங்கள் இரண்டுமே தொலைவிலிருந்து பாடப்பெற்றவை. இத்தனை ஆண்டு அவற்றைப் படித்தும், இந்தச் செய்தியை நான் வெறும் தகவலாகவே வைத்திருந்தேன்.

ஊக்கிமடம் சிறிய ஊர். கடைத்தெருவைக் கடந்து கோயில் வாயிலை அடைந்தோம். வண்ணம் தீட்டிய வாயிலைத் தாண்டினால் கல் பாவிய முற்றம். சுற்றிலும் மரத்தாலான மாடங்கள் கொண்ட பழைய மடத்துக் கட்டடம். நடுவே ஓங்காரேசுவரர் கோயில். மாந்தாதா மன்னன் தவமிருந்து ஓங்கார வடிவில் இறைவனைக் கண்ட இடம் என்கிறார்கள். வாணாசுரன் மகள் உஷைக்கும் கண்ணனின் பேரன் அநிருத்தனுக்கும் இங்கே திருமணம் நடந்ததாகவும், உஷையின் பெயராலேயே ஊர்ப்பெயர் வந்ததாகவும் மரபு. மழையினால் கூட்டமே இல்லை. மதுரையிலும் நெல்லையிலும் வரிசையில் நின்று பழகிய எங்களுக்கு, கருவறை முன்னால் எவரும் "நகருங்கள்" என்று சொல்லாதது வியப்பாக இருந்தது.

அங்கே இருந்த பூசகர் தம் உதவியாளரிடம் ஏதோ சொன்னார். என் காது விடைத்தது. அது கன்னடம்! பணிக்காலத்தில் 3 ஆண்டுகள் ஹுப்ளியில் இருந்தவன் நான். கேதாரத்தின் தலைமைக் குருவான ராவல், தென்னாட்டு வீரசைவ மரபினர். அவருடைய பீடம் இருப்பதும் ஊக்கிமடத்தில்தான். பத்ரியில் கேரள நம்பூதிரி, கேதாரத்தில் கன்னட நாட்டு வீரசைவர் என்று, இமயத்தின் இரு பெருங்கோயில்களும் தெற்கத்தியர் வசம் இருப்பதைப் படித்திருந்தேன். மழை கொட்டும் மலையூரில் அதைக் காதால் கேட்டது வேறு அனுபவம். கன்னடத்தில் வணக்கம் சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது. எங்கள் கதையைச் சொன்னேன்.

"சுவாமி இப்போது மேலே இருக்கிறார், அம்மா. ஆனால் அவருடைய கத்தி இங்கேதான்" என்றார். கத்தி என்றால் ஆசனம். ஆசனத்தைக் காட்டினார். அக்கா அதை வணங்கிவிட்டு என்னிடம், "கேதாரம் எந்தத் திசை என்று கேள்" என்றார்கள்.

அவர் முற்றத்துக்கு வந்து கை நீட்டினார். நேர் வடக்கு. அங்கே ஒரு மரமாடம், அதற்கு மேல் ஈரமான கூரை, அதற்கும் மேல் மேகம்.

அக்கா அந்த மாடத்தின் கீழ் மழைபடாத இடத்தில் நின்று, நோட்டைப் பிரித்து, வடக்கு நோக்கிப் பாடத் தொடங்கினார்கள். அக்கா இசை கற்றவர்கள் அல்லர். அத்தான் பாடக் கேட்டுக் கேட்டு வந்த பாட்டு. அவர் மூச்சு வாங்கும் இடத்திலேயே இவர்களும் மூச்சு வாங்கினார்கள். நான்காவது பாடலில் குரல் நின்றுவிட்டது. எழுத்து மங்கலாக இருக்கிறதோ என்று நான் எட்டிப் பார்த்தேன். எழுத்து நன்றாகவே இருந்தது. பக்க ஓரத்தில் அத்தான் பென்சிலால், 'இங்கே அவசரப்படாதே' என்று தமக்குத் தாமே குறித்து வைத்திருந்தார். என் மனைவி அக்காவின் முதுகில் கை வைத்துக்கொண்டாள். பிறகு பதிகம் முழுவதும் நிதானமாக முடிந்தது.

பூசகர் அதுவரை நின்றுகொண்டே இருந்தார். என்ன மொழி, யார் பாடியது என்று கேட்டார். 1,300 ஆண்டுகளுக்கு முன்பு சீகாழியில் தோன்றிய ஒரு பிள்ளை, உங்கள் கேதாரத்தைக் காளத்தியிலிருந்து பாடிய பாட்டு என்றேன். "வராமலேயா?" என்றார். "வராமலேதான்." அவர் உள்ளே சென்று வில்வமும் திருநீறும் கொண்டுவந்து அக்காவின் கையில் தந்தார். நோட்டுப் புத்தகத்தை ஆசனத்தின் முன் வைத்து எடுத்துத் தரட்டுமா என்று கேட்டார்.

அக்கா சற்று யோசித்தார்கள். "வேண்டாம். பாட்டைப் பாடியாகிவிட்டது. இது அவர் முன்னால் வைப்பதற்காகக் கொண்டுவந்தது, அவர் இருக்கும்போது வைக்கிறேன்" என்று சொல்லி, மீண்டும் மஞ்சள் துணியைச் சுற்றிக்கொண்டார்கள்.

அந்த விடையை நான் கன்னடத்தில் சொன்னதும் பூசகர் சிரித்தார். நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை எப்போது வேண்டுமானாலும் வாருங்கள் என்றார். ஏற்றமில்லை, ஹெலிகாப்டர் வேண்டாம், கோயில் அருகிலேயே வண்டி வரும். குளிர் மட்டும் கடுமையாக இருக்கும், கம்பளியும் மருந்தும் கொண்டுவர வேண்டும். முழங்கால் வலியால் கேதாரத்தைக் கைவிட்ட என் போன்ற முதியவர்கள் பலர் இதை அறியாமல் இருக்கிறார்கள். அத்தானும் அறிந்திருக்கவில்லை. அறிந்திருந்தால் எப்போதோ வந்திருப்பார் என்று திரும்பும் வழியில் அக்கா இருமுறை சொன்னார்கள்.

ஐந்தாம் நாள் காலை குப்தகாசியில் வெயில் அடித்தது. கழுவி வைத்தாற்போல் வானம். வடக்கே, பள்ளத்தாக்கின் கோடியில், பனிச்சிகரம் ஒன்று வெள்ளி வார்ப்பாகத் தெரிந்தது. ஃபாடாவில் ஹெலிகாப்டர்கள் பறக்கத் தொடங்கிவிட்டன என்று விடுதிக்காரர் தயங்கித் தயங்கிச் சொன்னார். எங்கள் பெட்டிகள் அதற்குள் காரில் ஏறிவிட்டன. நான் அக்காவின் முகத்தைப் பார்க்கத் துணியவில்லை. அவர்கள் கைகூப்பிச் சிகரத்தை வணங்கிவிட்டு, முன்னிருக்கையில் ஏறி அமர்ந்தார்கள்.

ருத்ரபிரயாகை வரை ஒன்றும் பேசவில்லை. அங்கே தேநீருக்கு நிறுத்தியபோது, "சிவராத்திரி எப்போது வருகிறது, பார்" என்றார்கள். பார்த்துச் சொன்னேன்.

"குழந்தைக்கு அப்போது மூன்று மாதம்தான் ஆகியிருக்கும், மதினி. நான் வர முடியாது. நீங்கள் இருவரும் போய்விட்டு வாருங்கள்" என்றாள் என் மனைவி.

புதிய அட்டவணை தயாராகிவிட்டது. அக்காவுக்கு அனுப்பியும் வைத்தேன். அதில் ஊக்கிமடத்துக்கு முன்னால் ஒரு நாளும் பின்னால் ஒரு நாளும் எதுவும் எழுதாமல் விட்டிருக்கிறேன். அக்கா தொலைபேசியில் அழைத்து, அந்தக் காலியிடங்கள் அச்சுப் பிழையா என்று கேட்டார்கள்.